கஞ்சியைக் கரைத்த மாத்திரை

என் மாமா அளவுக்குச் சாப்பிட்ட மனிதரையும் நான் பார்த்ததில்லை, அவர் அளவுக்கு மெலிந்த மனிதரையும் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே ஆளாக இருந்ததுதான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்குத் தீராத அதிசயமாக இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவைப் பெற்றவர்கள் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், வாசலில் நின்றால் கல்வராயன் மலை எதிரே தெரிகிற ஊர் எங்களுடையது. அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு, மிச்சக் கொல்லை முழுக்க மரவள்ளி. மாமா அப்பாவுக்குக் கொல்லை வேலையில் துணையாக நிற்பார். வாரத்துக்கு ஒருமுறை ஒரு வியாபாரியின் லாரியில் ஏறி மலைக்குப் போய், கரியாலூர்ப் பக்கத்து வீடுகளில் புளியும் கடுக்காயும் எடை போட்டு ஏற்றிக்கொண்டு வருவார்.

அவர் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா குண்டானையே தூக்கி வந்து பக்கத்தில் வைத்துக்கொள்வாள். மலை மாதிரி சோறு, அதன் மேல் குழம்பு, அது முடிந்ததும் இன்னொரு மலை. நான் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு பார்ப்பேன். விலா எலும்புகள் கூடை பின்னியது மாதிரி தெரியும். கன்னம் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கும்.

"எங்கடா போவுது இவ்ளோ சோறும்?" என்பாள் அம்மா.

"எனக்கே தெரியலக்கா," என்று சிரிப்பார் மாமா.

எனக்கும் அதேதான் கேள்வி. சோறு வாய்க்குள் போவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது சதையாகவில்லை என்பதையும் என் கண்ணால் பார்த்தேன். நடுவில் எங்கேயோ காணாமல் போகிறது. பள்ளிக்கூடத்துச் சுவரில் வயிற்றுப் பூச்சியின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து நான் வீட்டில் சொல்ல, அம்மா பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தாள். பூச்சி எதுவும் வரவில்லை. மாமா இன்னும் கொஞ்சம் இளைத்தார்.

சில நாள் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். முழங்காலை மார்போடு மடக்கி, தவிட்டு மூட்டையை வயிற்றில் அணைத்துக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் பதில் வராது. வலி நடு வயிற்றில் பிடித்து முதுகு வரைக்கும் போகிறது என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். அப்பா அவரைக் கள்ளக்குறிச்சிக்கு, எதற்கும் ஓர் ஊசி போடுகிற டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "எவ்ளோ காலமா குடிக்கிறே?" என்று கேட்டாராம். நான் குடிப்பதில்லை என்று மாமா சொன்னாராம். "இந்த வலி வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று டாக்டர் சிரித்தாராம். ஊசி வலியைக் கொஞ்சம் குறைத்தது. அந்தச் சிரிப்பு மட்டும் அப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது.

மலைச் சாராயத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாராவாரம் மலைக்குப் போய் வருகிறவன், சாப்பிட்டும் உடம்பு தேறாதவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்காருகிறவன் என்றால் ஊர் வேறு எதை நினைக்கும்? அப்பாவுக்கு அதில் சொந்தக் காயம் ஒன்றும் இருந்தது. அவரைப் பெற்றவர் ஏரிக்கரை நிலத்தைச் சாராயத்துக்கே தந்துவிட்டுச் செத்தவர். குடிக்கிறவன் தன் கூரைக்குக் கீழே படுக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

"ஒரே ஒரு பாட்டிலு என் கையில சிக்கட்டும். உன் தம்பியாச்சேன்னு பாக்கமாட்டேன், அன்னிக்கே அனுப்பிடுவேன்," என்றார் அம்மாவிடம். மாமா காதில் விழும்படிதான் சொன்னார்.

இதற்கு நடுவில் மாமாவுக்குச் சின்னசேலத்துப் பக்கம் ஒரு பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒருநாள் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: கொஞ்சம் பொறுக்கலாம், விசாரிக்க வேண்டியது இருக்கிறது. பொறுக்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்று அம்மா எனக்குச் சொன்னாள். அதோடு ஒரு வேலையும் கொடுத்தாள்.

"நீ பாத்துக்கினே இரு. எங்க போறான், இன்னா வாயில வெக்கிறான், எல்லாம் எனக்குத் தெரியணும். அவனுக்குத் தெரியக் கூடாது."

எனக்கு அதுவரை யாரும் இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்ததில்லை. நான் மாமாவின் நிழலானேன். அவர் துண்டை முகர்ந்து பார்த்தேன். வைக்கோல் போரில் கையை விட்டுத் துழாவினேன். அவர் கொட்டாவி விடும்போது பக்கத்தில் போய் நின்றேன். வெங்காய வாசனை வந்தது.

பள்ளி விடுமுறை ஒன்றில் அம்மா, "மாமாகூடப் போயி அருவி பாத்துட்டு வாயேன்," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, தலை பின்னுகிற சாக்கில் காதருகே, "கண்ண எடுக்காத," என்றாள். லாரியில் முன்னால் மாமாவுக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து மலையேறினேன். கரியாலூருக்குப் பக்கத்தில் மாமா வழக்கமாகப் புளி எடுக்கிற ஒரு வீட்டில் இறங்கினோம். வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு சொம்போடு வந்தார். அது தண்ணீரில்லை என்பது அவர் தூக்கி வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மாமாவின் கையையே பார்த்தேன்.

அவர் மனைவி உள்ளேயிருந்தபடியே அதட்டினாள்: "அவருக்கு எதுக்கு அத நீட்டுற? என்னிக்குத் தொட்டிருக்காரு அவரு? கெழங்கு வெந்திருக்குது, அதக் குடு."

மாமா மரவள்ளிக் கிழங்கைச் சாப்பிட்டார். நிறையச் சாப்பிட்டார். பிறகு புளியை எடை போடும்போதே முகம் மாறியது. வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் போய்க் குனிந்து உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவரை அருவிக்குக் கூட்டிப் போகச் சொல்லி நான் கேட்கவில்லை. காலையிலிருந்து அவர் வாய்க்குள் போன எல்லாவற்றையும் நான் பார்த்திருந்தேன். சாராயம் இல்லை. ஆனாலும் வலி வந்திருக்கிறது. அப்படியென்றால்? யோசித்து யோசித்துப் பார்த்தேன், அதற்கு மேல் எனக்கு எட்டவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாமா உனக்கு இன்னா வாங்கிக் குடுத்தான்?"

"முறுக்கு."

"அதானே," என்றார் அப்பா. என் சாட்சி அதோடு முடிந்துபோயிற்று.

ஆனால் வேலையை நான் விடவில்லை. விடியற்காலையில் மாமா மற்றவர்கள் போகிற பக்கம் போகாமல் கரும்புக் கொல்லையைத் தாண்டி வெகுதூரம் தனியாகப் போய் வருவதைக் கவனித்தேன். பாட்டிலை அங்கேதான் புதைத்து வைத்திருக்கிறார் என்று முடிவு செய்து ஒருநாள் பின்னாலேயே போனேன். அவர் திரும்பி வந்த பிறகு அந்த இடத்தைத் தேடினேன். பாட்டில் இல்லை. வாய்க்காலை ஒட்டிய இடத்தில், முதல் நாள் மழைத் தண்ணீர் தேங்கிய குழியில், அவர் கழித்தது மிதந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் சிந்தினால் வருமே, அப்படித் தண்ணீர் மேலே எண்ணெய்ப் படலம். நாற்றம் வேறு மாதிரி, மூக்கைத் துளைக்கிற நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நன்றாகப் பார்த்தேன்.

"எம்மா, மாமா வெளிய போனா எண்ணெ மெதக்குதும்மா," என்று ஓடிவந்து சொன்னேன்.

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "பாக்கச் சொன்னா இதையா பாப்பே? பொம்பளப் புள்ளையா நீ?"

அந்த வாரத்தில்தான் மறியல் தொடங்கியது. படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் வட மாவட்டங்கள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஊருக்கு ஊர் கூட்டம், சுவருக்குச் சுவர் எழுத்து. அந்த முறை சாலையோரத்துப் புளிய மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன என்றார்கள். துப்பாக்கிச் சூடு என்றும் சாவு என்றும் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். எனக்கு மரங்கள் விழுந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்று ஆசை. அந்த ஆசை நான் நினைக்காத விதத்தில் நிறைவேறியது.

ஒரு காலை, கூழைக் குடித்துவிட்டு எழுந்த மாமா எழுந்த இடத்திலேயே மடங்கி விழுந்தார். முந்தைய வலிகள் இதன் முன்னால் ஒன்றுமில்லை. வாந்தி எடுத்தார். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. பக்கத்தில் நின்ற என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. பஸ் கிடையாது, கார் கிடையாது. அப்பா மாட்டை அவிழ்த்து வண்டி கட்டினார். வைக்கோல் பரப்பி மாமாவைத் தூக்கிப் போட்டபோதும் பிடி தளரவில்லை. அதனால் என்னையும் தூக்கி வண்டியில் போட்டார்கள். என் தம்பி கைக்குழந்தை என்பதால் அம்மா வரவில்லை.

முதல் மரத்தில் இருந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்களே. மாட்டை அவிழ்த்து ஓரமாக ஓட்டிவிட்டு, மாமாவோடும் என்னோடும் சேர்த்து வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். அடுத்த மரத்தில் அறிமுகமில்லாத ஆட்கள். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் இறங்கி வந்து, வைக்கோலில் புரண்டுகொண்டிருந்த மாமாவைப் பார்த்தார்.

"மலச் சரக்கா?" என்று கேட்டார். "குடிச்சிட்டு வர்றவன் எவனையும் தாண்ட வுடறதில்லைங்க. ஒருத்தன் குடிச்சிட்டு ரகள பண்ணா மொத்தப் போராட்டத்துக்கும் கெட்ட பேரு."

அப்பா மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது என்ன சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன். வீட்டில் அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும்.

"என் மச்சாங்க இவன்," என்றார் அப்பா. "குடிக்கமாட்டான். தொட்டதே கெடையாது. என் பேர்ல சொல்றேன்."

என் மணிக்கட்டில் இருந்த பிடி அப்போதுதான் முதல் தடவையாகத் தளர்ந்தது. மாமா தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை. அந்த ஆள் மற்றவர்களைக் கைகாட்டிக் கூப்பிட, அந்த மரத்தையும் தாண்டினோம். நம்பாத ஒன்றை அப்பா ஏன் அப்படி அடித்துச் சொன்னார் என்று வண்டி போகிற வழியெல்லாம் யோசித்தேன். பொய் சொன்னால் உதைக்கிற மனிதர் அவர். ஒருவேளை சொல்லும்போதே நம்பிவிட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது.

கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரி வெறிச்சென்று கிடந்தது. நோயாளிகளால் வர முடியவில்லை. அங்கிருந்த டாக்டரம்மாவால் ஊருக்குப் போக முடியவில்லை. அதனால் எங்களுக்காக அவருக்கு நிறைய நேரம் இருந்தது. வலிக்கு ஊசி போட்டு, கையில் குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாளைக்கு வாயில் எதையும் கொடுக்கக் கூடாது என்றார். சாப்பாடே உயிரான மாமா அதற்குத் தலையாட்டினார். மறுநாள் வலி அடங்கியதும் டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போதிருந்து வலி, எப்படிச் சாப்பிடுகிறீர்கள், எப்போது இளைக்க ஆரம்பித்தீர்கள். குடிப்பீர்களா என்றும் கேட்டார். ஆனால் சாதாரணமாகக் கேட்டார். இல்லை என்று மாமா சொன்னதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவு சுலபமாக ஒருவர் அதை நம்பியதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"வெளிய போறது எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மாமா முகம் சிவந்துவிட்டது. பொம்பிளை டாக்டர், பக்கத்தில் அக்கா வீட்டுக்காரர். "நல்லாத்தாங்க இருக்குது," என்று முணுமுணுத்தார்.

"இல்லைங்க," என்றேன் நான். "எண்ணெ மெதக்குது."

அப்பா என்னை முறைத்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மா ஸ்டூலோடு என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா? எங்க பாத்தே? எப்படி மெதந்துச்சு, சொல்லு."

அடி வாங்கிய விஷயத்தைப் பற்றி ஒரு டாக்டரே இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார். நான் குழியிலிருந்து நாற்றம் வரைக்கும் விவரமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அப்பாவையும் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். முதுகெலும்பின் குறுக்கே, உப்பு சிந்தியது மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"இரைப்பைக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு. நாம சாப்பிடற சோறு, பருப்பு, எண்ணெய் எல்லாத்தையும் கரைக்கிற தண்ணி அதுலதான் ஊறும். இவருக்கு அது ரொம்ப நாளா கெட்டுக்கிட்டு வந்திருக்கு. உள்ள கல்லு கல்லா அடைச்சிருக்கு. தண்ணி ஊறல. அதனால தின்ன சோறு கரையாம அப்படியே வெளிய போவுது, எண்ணெய் மெதக்குது. எவ்வளவு சாப்பிட்டா என்ன, உடம்புல ஒட்டாது. பசிச்சுக்கிட்டே இருக்கும்."

"குடிச்சாத்தான் இது வரும்னு…" என்று இழுத்தார் அப்பா.

"குடிக்கிறவங்களுக்கும் வரும். இந்தப் பக்கத்துல சாராய வாசனையே தெரியாத சின்ன வயசுக்காரங்களுக்கும் வருது. மரவள்ளியாலன்னு சில பேர் சொல்றாங்க, சத்துக் கொறைவுன்னு சில பேர் சொல்றாங்க. நிச்சயமா யாருக்கும் தெரியாது."

அப்பா எக்ஸ்ரே படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அதற்குக் கொஞ்சம் முன்புதான் காட்டியிருந்தார்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது ஒரு மாத்திரை. ஊறாத தண்ணீருக்குப் பதில் அது சோற்றைக் கரைக்கும். வெறும் வயிற்றில் போட்டால் வீண், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு போட்டாலும் வீண். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. வலி இதனால் அறவே போய்விடும் என்று சொல்ல முடியாது. கணையம் பழையபடி ஆகாது. பின்னால் சர்க்கரை வியாதியும் வரலாம். மாத்திரையை வாழ்நாள் முழுக்க விடக் கூடாது. இதையெல்லாம் அவர் மாமாவிடமும் அப்பாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு சந்தேகம் குடைந்துகொண்டிருந்தது.

"சோத்தக் கரைக்கிற மாத்திர வயித்தக் கரைக்காதா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. வயிறு தன்னைப் பாத்துக்கும், அதுக்கு வழி வெச்சிருக்கு. மாத்திரை சோத்தக் கரைக்குதான்னு பாக்கணுமா? மாமாகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கி, பொடிச்சு, வெதுவெதுப்பான கெட்டிக் கஞ்சியில கலக்கி வெச்சுப் பாரு."

அந்த மாத்திரை அப்போது கள்ளக்குறிச்சிக் கடைகளில் இல்லை. மறியல் முடிந்து வண்டி ஓடத் தொடங்கிய பிறகு அப்பாவே பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கி வந்தார். பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பதாம் அது, கடைக்காரர் சொன்னாராம். பன்றி வாசலில் நின்றாலே தண்ணீர் தெளிக்கிற அம்மா மாத்திரை டப்பாவைத் தொடாமல் தள்ளி நின்றாள். "பன்னி பொழைக்க வெக்குதுன்னா பன்னிக்குக் கும்புடு போட்டுட்டு முழுங்க வேண்டியதுதான்," என்று மாமா முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மரவள்ளிக் கிழங்கு அதன் பிறகு எங்கள் அடுப்பில் வேகவில்லை. கொல்லையில் விளைந்தது வழக்கம்போல ஜவ்வரிசி ஆலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

நானும் மாமாவும் சோதனை செய்தோம். இரண்டு டம்ளரில் ஒரே குண்டான் கஞ்சி, கரண்டி நிற்கிற கெட்டி. ஒன்றில் மட்டும் மாத்திரைப் பொடி. அம்மா மாட்டைக் கறந்து முடிப்பதற்குள் பொடி போட்ட கஞ்சி தண்ணீர் மாதிரி ஓடியது. மற்றது அப்படியே நின்றது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னாளில் பாடத்தில் நொதி என்ற சொல்லைப் படித்தபோது அந்த டம்ளர்தான் கண்முன் வந்தது.

பொங்கல் வருவதற்குள் மாமாவின் கன்னத்துக் குழி மேடாகத் தொடங்கியது. இரண்டாவது மலைச் சோறு தேவைப்படவில்லை. வாய்க்கால் பக்கம் நான் எட்டிப் பார்க்கத் தேவையும் இல்லை. ஆனாலும் ஒருமுறை பார்த்தேன். எண்ணெய் இல்லை.

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஆட்கள் வாயிலாக அப்பா சொன்ன வார்த்தை சின்னசேலம் வரைக்கும் போயிருந்தது. பெண்ணின் அப்பா ஒருநாள் நேரிலேயே வந்தார். நல்ல மனிதர். வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரு பேச்சக் கேட்டுத் தப்பா நெனைச்சிட்டேங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆசுபத்திரியிலயே சொல்லிட்டாங்களாமே. தேதி பாத்துடலாங்க," என்றார். அம்மா சர்க்கரை கூடப் போட்டுக் காப்பி கலந்தாள்.

மாமா எழுந்து அடுப்படிக்குப் போனார். என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு டம்ளர் கஞ்சி எடு," என்றார். அப்பா பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "வேணாம் மச்சான். அதான் மாத்திர இருக்குதே. எல்லாத்தையும் இப்பவே சொல்லணும்னு இன்னா?"

"குடிகாரன்னு சொன்னது பொய்யி மாமா. அது போயிருச்சு. நோவு நெசம். அத நாமதான் சொல்லணும்," என்று மாமா அப்பாவிடம் சொன்னார்.

இரண்டு டம்ளரையும் அந்தப் பெரியவர் முன்னால் வைத்து, ஒன்றில் பொடியைக் கலக்கி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காத்திருக்கிற நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னார். கல், கணையம், கரையாத சோறு, உயிர் உள்ளவரைக்கும் பாண்டியிலிருந்து வாங்க வேண்டிய மாத்திரை, எப்போது வேண்டுமானாலும் வருகிற வலி, ஒருநாள் வரக்கூடிய சர்க்கரை. பிறகு இரண்டையும் சாய்த்துக் காட்டினார். "மாத்திர இல்லாத நானு இது. மாத்திர போட்டா இது. உங்க பொண்ணுகிட்ட அப்படியே சொல்லுங்க."

பெரியவர் டம்ளர்களையே வெகுநேரம் பார்த்தார். காப்பி ஆறிப்போயிற்று. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சொல்றேங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மாமாவின் மேல் கோபமான கோபம். சோதனை நன்றாக வேலை செய்தது. அதைக் காட்டி யாராவது கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்வார்களா?

நாட்கள் போயின. அம்மா வேறு இடம் பார்க்கலாமா என்று வாயெடுத்தாள். மாமா வேண்டாம் என்றார். சர்க்கரை வியாதி எப்போது வருமோ என்று நான் தினமும் அவர் முகத்தைப் பார்த்தேன். அது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் வந்தது. இப்போதும் ஊசியும் மாத்திரையுமாக இருக்கிறார், பேரன் எடுத்தாயிற்று.

ஒரு சந்தை நாளில் அப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பினார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாமா இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணோட அப்பாவச் சந்தையில பாத்தேன். பொண்ணு ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லிச்சாம்."

அம்மா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள்.

"அந்த மாத்திர கள்ளக்குறிச்சியிலயே கெடைக்குமா, இல்ல ஒவ்வொரு தபாவும் பாண்டிக்குத்தான் போவணுமான்னு கேட்டுச்சாம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பத் தொடங்கினாள். அப்பா கூரையைப் பார்த்தார். மாமா எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கிற மருந்துக்கடையில் மாத்திரை வரத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மாமாவோடு போய் வாங்கி வந்ததே நான்தான். "அங்கயே கெடைக்குது," என்றேன். யாரும் கவனிக்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். அம்மா அழுதுகொண்டே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். விடுவித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். மாமா பசுவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தோள் குலுங்கியது.

"வலிக்குதா மாமா?"

"இல்ல பாப்பா."

கள்ளக்குறிச்சியிலேயே கிடைக்கிறது என்று அவருக்கும் சொன்னேன். தலையாட்டினார். அப்படியும் பசுவின் கழுத்தை விடவில்லை. பாவம், அங்கே ஒரு பெண் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறாள். பதில் தெரிந்தும் அதைச் சொல்லியனுப்ப இந்தப் பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் எனக்கு அன்றைக்கு எரிச்சலாக வந்தது.